எங்கள் வீட்டுச் சிறுதேர்

ஆழித்தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாளே திருவாரூர்க் குழந்தைகளுக்குத் தேரோட்டம் தொடங்கிவிடும். வடம் பிடித்த பெரியவர்களின் உள்ளங்கைச் சிவப்பு மறைவதற்குள், சந்துகளிலும் திண்ணைகளிலும் சின்னஞ்சிறு தேர்கள் புறப்பட்டுவிடும். அட்டைப் பெட்டித் தேர், தென்னை மட்டைத் தேர், நூல்கண்டுக் கட்டையைச் சக்கரமாகக் கொண்ட தேர் என்று அவற்றில் பல வகை உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் நிறைவுப் பருவமாகச் சிறுதேரை வைத்த நம் புலவர்கள் குழந்தைகளை நன்கு கவனித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தேர் உருட்டுவது பேத்தி. புலவர்கள் மன்னிப்பார்களாக.

எங்கள் தேருக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஆழித்தேர் 1926-ல் தீக்கிரையாகி, 1930-ல் புதிய தேர் ஓடியபோது என் மாமனார் ஐந்து வயதுச் சிறுவராம். தேரைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் ஒன்று வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் அடம் பிடித்திருக்கிறார். அதன் பயனாக ஓர் ஆசாரி தேக்கில் செய்து கொடுத்த தேர் அது. முழங்கால் உயரம் இருக்கும். நான்கு சக்கரங்களில் ஒன்றில் மட்டும் விரிசல். பரணில் கிடந்ததைச் சென்ற ஆண்டு, ஆறு வயதுப் பேத்திக்காக இறக்கித் துடைத்து எண்ணெய் தடவிக் கொடுத்தோம். அடமும் அதோடு சேர்ந்து இறங்கி வந்துவிட்டது போலும்.

அவளோடு விளையாட வருபவர்கள் மூவர். அடுத்த வீட்டு அக்காள் தங்கை இருவர். சந்து முனையில் பூக்கடை வைத்திருப்பவரின் மகன் ஒருவன். பையனுக்கு ஏழு வயது. அவனுடைய தாய்மாமன் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர்களில் ஒருவர். பிற ஊர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தத் தேரை வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஆனால் தேர் எந்தப் பக்கம் சாய வேண்டும், வீதி முனையில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் சக்கரத்தின் அடியில் குனிந்து மரக்கட்டையைச் செருகும் சில மனிதர்களின் கையில் இருக்கிறது. திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் நகர்வதில்லை. உயிருக்கு ஆபத்தான பணி அது. கூட்டத்தில் யாரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் மேலே இருக்கும்.

என் பேத்தியின் கண்ணும் மேலேதான் இருந்தது. தேர்த்தட்டில் நின்று துண்டை வீசி, 'இழு', 'நிறுத்து' என்று சைகை காட்டுகிறார்களே, அவர்களாக இருக்க அவளுக்கு ஆசை. திண்ணைமேல் ஏறி நின்றுகொண்டு என் பழைய புடைவைத் துண்டொன்றை வீசுவாள். "நீ வடம் பிடி. நீ இல்லை, அவ. நீ தள்ளி நில். இப்பக் கை தட்டாதே, நான் சொன்னாத்தான் தட்டணும். அழுத்திப் பிடிக்காதே, மெதுவா!" இடைவிடாமல் ஆணைகள் பறக்கும். அக்காள் தங்கை இருவரும் சாதுக்கள், சொன்னபடி செய்தார்கள். பூக்கடைப் பையன் மட்டும் ஒரு மரச்சில்லைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தியிருந்தான். "திருப்பத்துல உள்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போடணும். எங்க மாமா அப்படித்தான் போடுவாரு" என்றான். "நான் சொல்லலையே! கட்டையெல்லாம் வேணாம், எடு" என்றாள் இவள். அவன் எடுத்துவிட்டான். தேர் திண்ணை முனையில் திரும்பியபோது விரிசல் விட்ட சக்கரம் பிடிகொடுக்காமல், அலங்காரமெல்லாம் சிதறத் தரையில் சாய்ந்தது.

"உன்னாலதான்!" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மரச்சில்லைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பூ வாங்கப் போனபோது, "ஏண்டா தம்பி, விளையாட வரலியா?" என்று கேட்டேன். "அவ சொல்றதையே செய்யணும்னா அதுக்குப் பள்ளிக்கூடமே தேவலை பாட்டி" என்றான். அவன் அப்பா சங்கடத்துடன் சிரித்தார். நான் முழம் எண்ணுவதைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். அந்த வாரக் கடைசிக்குள் அக்காள் தங்கை இருவருக்கும் வேறு எங்கோ விளையாட்டு கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம் எது தெரியுமா? பேத்தியை எதிரே உட்காரவைத்து அதட்டினேன். "இனிமேல் யாரையும் அதிகாரம் பண்ணாதே. நாளைக்கு அவன்கிட்டப் போய் மன்னிப்புக் கேள். தேரை எல்லாருக்கும் கொடு. நான் சொல்றது காதில் விழுதா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரம் செய்யாதே என்று அதிகாரம் செய்துகொண்டிருக்கிறோமே என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நண்பகலில் நான் சற்றுக் கண்ணயர்ந்திருந்தேன். கூடத்தில் பேத்தி பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துச் செப்புச் சாமான்களில் சமைத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவை சொல்றது? அடுப்பு இவ்வளவு எரியக் கூடாது. தள்ளு, தள்ளு, நானே செஞ்சுக்கறேன்." சொற்கள் மட்டுமல்ல, அந்த 'தள்ளு'வுக்கு முன்னால் வரும் பெருமூச்சு உட்பட, என் குரல். பதினோரு ஆண்டுகளாக எங்கள் சமையலறையில் ஒலித்துவரும் குரல். அது பொம்மைகளிடம் பேசியது. பொம்மைகள் என் மருமகளைப் போலவே பதில் பேசாமல் இருந்தன.

என் மருமகள் நல்லவள். பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வருபவள். இந்த வீட்டு அடுப்படியில் மட்டும் அவள் குரல் கேட்டு நான் அறிந்ததில்லை. அதை அவளுடைய அடக்கம் என்று நான் நினைத்துப் பலரிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அன்று பிற்பகல் முழுவதும் எனக்கு மனம் சரியில்லை.

மாலையில் பேத்தியை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். திருவாரூரில் சாயரட்சை தரிசனம் விசேஷம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தியாகேசப் பெருமானை வணங்கி, கமலாம்பிகை சந்நிதியையும் சுற்றிக்கொண்டு, கமலாலயக் குளக்கரைக்கு வந்து படியில் அமர்ந்தோம். மீனுக்குப் பொரி போட்டபடியே அவளாகக் கேட்டாள். "அவன் ஏன் பாட்டி வரமாட்டேங்கறான்?"

அறிவுரை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாகச் சுந்தரர் கதையைச் சொன்னேன். தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், இதே ஊரில் பரவை நாச்சியாரை மணந்து வாழ்ந்தவர். திருவொற்றியூர் சென்று சங்கிலியாரையும் மணந்துகொண்டு திரும்பியதால் பரவையார் கோபித்துக் கதவடைத்துவிட்டார். (இந்த இடத்தைக் குழந்தைக்கு, 'சொல்லாமல் ஊருக்குப் போனதால் கோபம்' என்று சுருக்கினேன்.) சுந்தரர் தம் தோழரான இறைவனையே தூது போகச் சொன்னார். அவரும் போனார். நள்ளிரவில், இந்த ஊர் வீதியில், தமக்குப் பூசை செய்யும் அர்ச்சகரின் வடிவில் நடந்தே போனார். பரவையார் மறுத்துவிட்டார். திரும்பி வந்து, தோழருக்காக இரண்டாம் முறை தம் மெய்யான கோலத்தில் போனார். அதன் பிறகே கதவு திறந்தது.

இறைவன் நம் வீதியில் நடந்ததைக் கேட்டு வியப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பொரியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து, "சாமியையே வேலை வாங்கினாரா? அப்போ சுந்தரர்தானே அதிகாரம் பண்றாரு!" என்றாள்.

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. ஏனெனில் இதே கேள்வியைக் கேட்ட பெரியவர் ஒருவர் பெரியபுராணத்திலேயே இருக்கிறார். ஏயர்கோன் கலிக்காம நாயனார். இறைவனைத் தூது அனுப்பியவன் எப்படித் தொண்டனாவான் என்று சுந்தரர்மேல் அவர் கொண்ட சினம் சாதாரணமானதன்று. சேக்கிழார் பெருமான் இந்தத் தூதுக் கதையை விரித்துச் சொல்வதே கலிக்காமர் புராணத்தில்தான். இறைவன் கொடுத்த சூலை நோயைச் சுந்தரர் வந்து தீர்ப்பதைக் காட்டிலும் உயிரை விடுவதே மேல் என்று துணிந்தவர் அவர். அந்தக் கடுமையான பகுதியைக் குழந்தையிடம் சொல்லவில்லை. "உன்னை மாதிரியே ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். பிறகு சாமி அவர்கள் இருவரையும் நண்பர்களாக்கினார்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ சுந்தரர் செஞ்சது தப்பா?"

விடுவதாயில்லை. நான் யோசித்துக் கேட்டேன். "சாமி 'நான் போகமாட்டேன்'னு சொல்லியிருந்தா சுந்தரர் என்ன செஞ்சிருப்பாரு?"

"அழுதிருப்பாரு."

"சாமியைத் திட்டி, 'நீ என் தோழனே இல்லை, போ'ன்னு சொல்லியிருப்பாரா?"

அவள் பேசவில்லை. பொரியை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டாள். வெகு நேரம் கழித்து, "நான் அவனைப் போன்னு சொல்லலை பாட்டி. அவனாத்தான் போனான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். என்னுடைய பதில் கலிக்காமரை நிறைவு செய்திருக்குமா என்பது வேறு விஷயம். எனக்கே அன்று அது முழுதாக விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் 'மாட்டேன்' என்று சொல்ல மற்றவருக்கு இடம் இருக்கிறதா என்ற அந்த ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. அன்றிரவு சமையலறையைத் தாண்டும்போதும் தங்கியிருந்தது.

மறுநாள் அவளாகவே தூது புறப்பட்டாள். நான் துணைக்குப் போனேன். பேசுவதில்லை என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். பூக்கடையில் பையன் அப்பாவுக்குப் பின்னால், தொங்கும் மாலைகளுக்கிடையே நின்றுகொண்டான். "தேர் விளையாட வா" என்றாள். "மாட்டேன்" என்றான். "நீதான் கட்டை போடலாம்." "மாட்டேன்." அவன் அப்பா, "போடா, பாப்பா கூப்பிடுதில்லே" என்று அவன் தோளைத் தள்ளினார். "வேண்டாம் ஐயா, அவனுக்கு இஷ்டமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று தடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பெரியவர் ஆணையிட்டு அவனை அனுப்பியிருந்தால், கட்டளைக்கு நடக்கும் தேர் மறுபடியும் ஒருமுறை ஓடியிருக்கும், அவ்வளவுதான். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். சமாதானப்படுத்த எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

இதற்கிடையே நான் அவளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தேன். இத்தனை நாளும் கண்டித்தேனே தவிரக் கவனித்ததில்லை. அவள் விளையாட உட்காரும் முன்பே அவள் மனத்தில் ஒரு முழுத் திருவிழா நடந்து முடிந்துவிடுகிறது. கொடியேற்றம், வீதி, கூட்டம், யார் எங்கே நிற்பது, எல்லாம். அது மற்ற மூவரின் மனத்திலும் அப்படியே ஓடுகிறது என்று அவள் நம்புகிறாள். அவர்கள் வேறாக ஏதாவது செய்தால், வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிடுகிறது. இது கர்வம் அன்று. மனத்தில் இருப்பதை எடுத்துச் சொல்லவும், அடுத்தவர் மனத்தில் இருப்பதைக் கேட்கவும் இன்னும் பழகாத வயது. கற்பனை மிகுந்த குழந்தைக்கே இந்தக் குறை அதிகம் வரும் போலிருக்கிறது. அதட்டினால் குறையோடு கற்பனையும் அடங்கிவிடும் அல்லவா? அது எனக்கு அச்சமாக இருந்தது.

ஆகவே விளையாட்டுக்கு முன் அவளிடம் கேட்கத் தொடங்கினேன். இன்றைக்கு என்ன தேர்? யார் யார் வருவார்கள்? அவர்களுக்கு என்ன பிடிக்கும்? முதல் இரண்டு கேள்விக்கும் பதில் மளமளவென்று வரும். மூன்றாவதில் நின்றுவிடுவாள். "தெரியலையே" என்பாள். "அப்படியானால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்று விட்டுவிடுவேன். அவளுக்கு உயிரான ஒரு மரப்பாச்சி உண்டு. அதை யார் தொட்டாலும் சண்டை. தோழிகள் வருவதற்கு முன் அதை எடுத்துப் பீரோவில் வைத்துவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். எல்லாவற்றையும் பகிர்ந்தே தீர வேண்டும் என்று குழந்தையை வதைக்க வேண்டியதில்லை. நாம் நம் நகைப் பெட்டியை அடுத்த வீட்டுக்கு நீட்டுகிறோமா என்ன?

பல்லாங்குழியும் உதவியது. சோழி தீர்ந்து வெறுங்குழி வந்தால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். அதில் பாட்டியும் பேத்தியும் சமம். முதலில், "நீ அந்தக் குழியை எடுக்காதே" என்று எனக்கும் ஆணை வந்தது. "என் குழி, என் யோசனை" என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். தோற்றபோது சோழிகளை வாரி இறைத்தாள். பொறுக்கி வைத்துவிட்டு மறுநாள் மறுபடியும் ஆடினோம். அக்காள் தங்கை திரும்பி வந்தபோது, யார் முதலில் என்பதைச் சாட் பூட் திரி போட்டு முடிவு செய்யும்படி விட்டேன். யாரை எடுப்பது என்பதைக் கை தீர்மானித்தால், வாய்க்கு வேலை குறைகிறது. நான் திண்ணையோரம் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். சண்டை கைக்கு வரும்வரை தலை நிமிர்த்துவதில்லை. இது எனக்கு எத்தனை கடினமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு கட்டுக் கீரையை இரண்டு முறை ஆய்ந்த நாளும் உண்டு.

சமையலறையிலும் வாயைக் கட்டினேன். முதல் நாள் மருமகள், "என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று கவலையாகக் கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. "இல்லையம்மா. இன்றைக்குக் குழம்பு உன் அம்மா வீட்டு முறையில் வைக்கிறாயா? எப்படி வைப்பீர்கள் என்று பார்க்கிறேன்" என்றேன். அவள் கரண்டியுடன் ஒரு நொடி அப்படியே நின்றாள். அவர்கள் வீட்டில் வெந்தயத்தைக் கடைசியில் வறுத்துப் பொடித்துத் தூவுவார்களாம். பதினோரு ஆண்டுகளில் எனக்கு இது தெரியாது.

பேத்தியின் இரண்டாவது தூது ஒரு வாரம் கழித்து நடந்தது. இந்த முறை அவள் தேருக்கு அழைக்கவில்லை. பையன் கடைவாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். அருகே போய் நின்று பார்த்தாள். வெகு நேரம் நின்றாள். அவள் உதடுகள் இரண்டு முறை அசைந்ததைக் கண்டேன். 'இப்படி விடு' என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டாள் என்றே நினைக்கிறேன். கடைசியில், "எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். சாட்டையை அவள் விரலில் சுற்றிவிட்டான். பம்பரம் சாக்கடைக்குப் போயிற்று. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர் மறுபடியும் எங்கள் திண்ணையில் புறப்பட்டது. பேத்திதான் துண்டு வீசினாள். அதை அவளிடமிருந்து யாரும் கேட்கவில்லை. தேர் முனைக்கு வந்ததும், துண்டை இறக்கிவிட்டுத் திண்ணையிலிருந்து குதித்து அவனருகில் குந்தினாள். "எந்தச் சக்கரம்?" என்று கேட்டாள். அவன் காட்டினான். மரச்சில்லை வைத்து, "இப்ப மெதுவா இழுங்க" என்று அக்காள் தங்கையிடம் அவன் சொல்ல, விரிசல் சக்கரம் முனகிக்கொண்டே திரும்பியது. மூன்றாவது முனையில் அவள் பழையபடி, "சீக்கிரம்! கட்டையை எடு!" என்று கத்தத்தான் செய்தாள். அவன் எடுக்கவில்லை. "இன்னும் திரும்பலை" என்றான். அவள் காலை உதைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நேற்று மாலை அவனைக் கூப்பிடப் போய்த் தனியே திரும்பி வந்தாள். "என்னவாம்?" என்றேன்.

"அவங்க மாமா வந்திருக்காராம். இன்னைக்கு வரமாட்டானாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"சரி, நாளைக்கு வான்னேன்" என்று சொல்லிவிட்டு, பல்லாங்குழியை எடுத்துவந்து என் எதிரே வைத்தாள். "பாட்டி, நீங்க முதல்லே ஆடறீங்களா, நான் ஆடட்டுமா?"